முன்னுரிமை: குறைவு

நாங்கள் நான்கு பேர்.
லால்ரின்டிகா ஐஸ்வாலிலிருந்து இசை அனுப்புவான்,
மழையென்றால் இரண்டு நாள் கழித்து.
கோமகன் காரைக்காலில் வசனம் எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறான்.
சௌபர்ணிகா வரைகிறாள்.
நான் பூனையைக் குதிக்க வைக்கிறேன்.

மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவும் பூனை,
வாயில் சாவிக்கொத்து.
எட்டுக் கட்டங்கள்.
ஆறாவதில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
இடைவெளி கொஞ்சம் கூடுதலாகிவிட்டது.
ஏழு மாதமாக விழுந்துகொண்டிருக்கிறது.

ஒருவரையொருவர் பார்த்ததில்லை.
கேமரா போட்டால் நெட் திணறுகிறது என்று
முதல் வாரமே எல்லோருமாகப் பொய் சொல்லிக்கொண்டோம்.
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.
அவள் வந்துவிட்டாள் என்றால் அதுதான்.
மஞ்சளானால் தேநீர் போட எழுந்திருக்கிறாள்.
இரவு மூன்று மணிக்கும் பச்சையாகவே இருந்தால்
எதையோ யாரிடமோ சொல்லாமல் இருக்கிறாள்.

சண்டையும் உண்டு.
ஒரே கோப்பில் இருவரும் கை வைத்து
அவள் வரைந்த தண்ணீர்த்தொட்டியின் வயிற்றில்
நான் நட்ட ஆன்டெனா முளைத்து,
பிரித்தெடுக்க ஒரு பகல் போயிற்று.
அதன்பிறகுதான் பூட்டு வந்தது.
தொடுமுன் பூட்டு, முடிந்ததும் திற.
பூட்டியவர் பெயர் நால்வருக்கும் தெரியும்.
என் வீட்டுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை.

பங்குனிக் கடைசியில், பதினொன்றரை மணிக் கூட்டத்தில்,
முருகேஷ்பாளையாவில் என் ஜன்னலுக்குக் கீழே
சொப்புக்காரர் கூவினார்:
தண்டு, பாலக், மெந்த்யா.
ஒரு நொடி விட்டு
என் காதுக்குள், அவள் மைக்கிலிருந்து:
தண்டு, பாலக், மெந்த்யா.
மெந்த்யாவில் அவருக்கு வரும் அதே இருமல்.

எதிரொலி வருதே, என்றான் லால்ரின்டிகா.
கோமகன் என் ஸ்பீக்கரைத் திட்டினான்.
நான் மைக்கை அணைத்தேன்.
அவளும் அணைத்தாள்.
யார் முதலில் என்பது பதிவைக் கேட்டால் தெரியும்.
கேட்கவில்லை.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் ஒரு காபி குடிக்க வேண்டிவரும்.
குடித்தால் என் சட்டை,
என் குரலுக்குப் பொருந்தாத என் உயரம்,
எல்லாம் நடுவில் வந்து உட்காரும்.
அப்புறம்
"இந்தத் தாவல் கேவலமாக இருக்கிறது"
என்று அவள் எழுதுவாளா?
அதை யாராவது எழுதியாக வேண்டும்.

சித்திரையில் முதல் மழை.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது, தெரு மொத்தமும் அணைந்தது.
லால்ரின்டிகா குழுவில் கேட்டிருந்தான்:
"ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் செத்துட்டீங்களா?"

பால்கனிக்கு வந்தேன்.
தண்ணீர் லாரி நிற்கும் சந்துக்கு அந்தப்பக்கம்
மூன்றாவது மாடியில்
மடியில் லேப்டாப்போடு ஒருத்தி.
அந்த வெளிச்சத்துக்குத் தாடை மட்டும் தெரிந்தது.

போன் அதிர்ந்தது.
"ஆறாம் கட்டம் உன் பெயரில் பூட்டியிருக்கு. திற.
பேட்டரி இருபது நிமிஷம்தான்."
போனிலிருந்தே, கட்டைவிரலால், திறந்தேன்.
எதிரே தாடை குனிந்தது.

இருபது நிமிடமும் நின்றேன்.
கொசு கடித்தது. நகரவில்லை.
பிறகு அங்கேயும் இருட்டு.

மறுநாள் கரண்ட் வந்ததும் இறக்கிப் பார்த்தேன்.
மாற்றக் குறிப்பு, அவள் வழக்கப்படி
முற்றுப்புள்ளிகள் தவறாமல்:
"எதிர் பால்கனியில் ஒருவனைச் சேர்த்தேன்.
அசைவு இல்லை. சும்மா நிற்கிறான்."

ஓடவிட்டேன்.
பூனை அவன் தோளில் கால் வைத்து
சாவி கிலுங்க
அந்தப்பக்கம் போய் இறங்கியது.

சாயங்காலமே கோமகன் பிழைப் பட்டியலில் ஏற்றிவிட்டான்:
"பால்கனி ஆள் நகரவே மாட்டேங்கிறான்.
முன்னுரிமை: குறைவு."
பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.

சரிசெய்ய இரண்டு வரி போதும்.
ஆறு வாரமாகிறது.
இன்னும் மூடவில்லை.